சந்திரன் அண்ணனின் திறக்காத சலூன்

சந்திரன் அண்ணன் போய்விட்டார்... நேற்றுக் காலை, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே. ஹார்ட் அட்டாக் என்கிறார்கள்.

பண்டாரவளை டவுனில் எங்கள் சலூனுக்கு வந்தவர்களுக்கு அவரைத் தெரியும். தலையை லேசாகத் தட்டி "கொஞ்சம் குனிங்க தொரை" என்பாரே, அவர்தான். கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். பல வருஷம் நாங்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் முடி வெட்டினோம்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. தோட்டத்துக்குக் கீழே, பஸ் நிற்கும் இடத்தில் சொந்தமாக ஒரு சலூன். ரூம் எடுத்துப் பெயிண்டும் அடித்துவிட்டார். லைசென்ஸ் கேட்டுப் போனால் "மொதல்ல ட்ரெயினிங் சர்டிபிகேட் கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சரியென்று கோர்ஸில் சேர்ந்தார். நரைத்த மீசையோடு, சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, பலூனில் நுரை தடவி ஷேவ் எடுக்கும் பயிற்சி. முதல் பலூனை உடைத்ததே நம்ம ஆள்தான்!

"மனுசன் மொகம்னா வலிச்சா சொல்லும்... இந்த எழவு பலூன் சொல்லாமக் கொள்ளாம வெடிக்குதுடா" என்று கடையில் வந்து புலம்பினார். கஸ்டமரெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பதுளையில் நடக்கும் கடைசி டெஸ்டுக்கு இரண்டு தேதி கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமையை இவரே கேட்டு வாங்கினார். வெள்ளி என்றால் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம், முதலாளி முணுமுணுக்காமல் லீவு தருவார் என்ற கணக்கு.

ஆனால் வெட்டிக் காட்டுவதற்கு ஓர் ஆளை நாமே கூட்டிப்போக வேண்டும். வெள்ளிக்கிழமை நம்ம சனத்தில் யார் தலையைக் கொடுப்பார்கள்? அதனால்தானே கடையே காலியாகக் கிடக்கிறது... மனுசனுக்கு அது ஞாபகமே வரவில்லை.

தோட்டத்தில் லயம் லயமாக, வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறார். சொந்த மச்சினனே "வெள்ளிக்கெழம கத்தி படக்கூடாது மச்சான், வேற நாளுன்னா வாறேன்" என்று கையை விரித்துவிட்டார்.

டெஸ்ட் அன்று காலை எனக்கு அவரிடமிருந்து போன் கோல். "அண்ணே, எந்தலைல என்னண்ணே இருக்கு வெட்ட?" என்றேன். எனக்கு நல்ல வழுக்கை. அந்தக் கவலையிலும் சிரித்தார்.

கடைசியில் பதுளை பஸ் ஸ்டாண்டில் த்ரீவீல் ஓட்டும் ஒரு சிங்களத் தம்பியைக் கெஞ்சிக் கூட்டிப்போயிருக்கிறார். போய்ச் சேரும்போது டெஸ்ட் எடுக்க வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். அடுத்தது எப்போது என்று ஆபீசில் கேட்டதற்கு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம்.

யாரும் சொல்லி அனுப்பவில்லை. பிறகு அந்தக் கோர்ஸையே நிறுத்திவிட்டதாகக் கேள்வி.

அதற்கப்புறம் அண்ணன் சலூன் பேச்சையே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது...

இன்று தோட்டத்துக்குப் போனேன். அண்ணனுக்கு ஷேவ் எடுத்துவிடச் சொன்னார்கள். உட்காரவைத்துக் குளிப்பாட்ட வேண்டும், பிளாஸ்டிக் நாற்காலி தாங்காது என்று பெரியவர்கள் யோசித்தார்கள்.

அக்காதான், அவர் மனைவி, சொன்னார்: "கடைக்குன்னு அவரு வாங்கி வச்சது ஒண்ணு கெடக்கு தம்பி. அத எடுத்துக்கிட்டு வாங்க."

கீழே அந்த ரூமின் பூட்டைத் திறந்து நாலு பேராகத் தூக்கி வந்தோம். பொலித்தீன்கூடப் பிரிக்காத சலூன் நாற்காலி. வாசலில் போட்டு அண்ணனை அதில் உட்காரவைத்தோம். நான் ஷேவ் எடுத்தேன். அழுதுகொண்டேதான் எடுத்தேன்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது அக்கா வந்தார். "இத நீங்களே கொண்டு போயிருங்க தம்பி. எங்க லயத்துக் காம்பராவுக்குள்ள நொழையாது."

சரியென்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

போங்கண்ணே... நல்லபடியாப் போங்க.