இருபது எண்ணும் வரை

எங்கள் அப்பா கழுவிய தட்டை உடனே கவிழ்த்து வைக்க மாட்டார். கடைசிச் சொட்டு விழும்வரை தொட்டிமேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். நானும் அம்மாவும் பின்னால் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கேலி செய்வோம். இருபதில்தான் கை இறங்கும்.

முதலியார்பேட்டையிலிருந்து பஸ் பிடித்துச் சேதராப்பட்டுக்கு வேலைக்குப் போவார். இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் நிக்கல் பிளேட்டிங் பட்டறை. பச்சை ரசாயன மருந்துத் தொட்டியில் முக்கியெடுத்த சாமான்களை அதன்மேலேயே பிடித்து வடியவிட்டு, அப்புறம்தான் தண்ணீரில் அலச வேண்டும். வடியவிடாமல் அலசினால் மருந்தெல்லாம் தண்ணீரோடு பின்பக்கக் கால்வாய்க்குப் போய்விடும். ஐந்து எண்ணினால் போதும் என்பது முதலாளியின் உத்தரவு. வடிந்து மிச்சமாகும் மருந்தும் அவருடையதுதான். ஆனாலும் அவருக்கு அவசரம். அந்த உத்தரவு எனக்குத் தெரியாது.

எனக்கு ஒன்பது வயதில், ஆயுத பூஜைக்கு அப்பா என்னைப் பட்டறைக்குக் கூட்டிப்போனார். வெயிலில் நாக்கு வறண்டுவிட்டது. பின்மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு அக்கா கிணற்றில் இறைத்து ஒரு சொம்பு நீட்டினார். "இன்னும் வேணுமா கண்ணு?" என்றார். இரண்டாவது சொம்பையும் குடித்தேன்.

பூஜை முடிந்து பொரி கொடுக்கும்போது முதலாளி என்னிடம், "ஏம்மா, உங்கப்பா கை மட்டும் ஏன் இவ்ளோ ஸ்லோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒண்ணும் ஸ்லோ இல்ல. எங்கப்பா ஒவ்வொரு வாட்டியும் இருபது எண்ணுவாரு. அவரே சொன்னாரு."

சொன்னதோடு விட்டேனா? பொரித் தட்டைச் சாய்த்துப் பிடித்து எண்ணியும் காட்டினேன். பொரி முழுக்கத் தரையில் கொட்டியது. பதினைந்தைத் தாண்டும்போது சிரிப்பு நின்றுவிட்டது. முதலாளி அப்பாவைப் பார்த்து, "நா அஞ்சுன்னு சொன்னேன்" என்றார். அப்பா குனிந்து பொரியைக் கூட்டி அள்ளினார்.

விடுமுறை முடிந்ததும் தொட்டிக்கு வேறு ஆள் வந்தார். அப்பாவை லாரியில் சாமான் ஏற்றப் போட்டார்கள். சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவரிடம், "நா சரியாத்தானப்பா எண்ணுனேன்?" என்று கேட்டேன்.

"சரியாத்தாம்மா எண்ணுன."

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். "அந்த அக்கா வூட்டுத் தண்ணி இனிப்பா இருந்துச்சுப்பா. அடுத்த வருசமும் கூட்டிட்டுப் போறியா?" என்றேன். அப்பா கழுவிய டிபன் பாக்ஸைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். இருபதைத் தாண்டியும் கை இறங்கவில்லை.

கால்வாய் அந்தக் கிணற்றை ஒட்டித்தான் ஓடியது. அந்தத் தண்ணீருக்காக இத்தனை நாள் நின்ற கையை நானே தொட்டியிலிருந்து இறக்கிவிட்டேன் என்பது எனக்கு அன்று புரியவில்லை.