இடது கண்ணாடி

என் வீட்டுக்காரர் இறந்த செய்தி கேட்டு வந்தவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்டது, "வண்டியிலயா?" என்றுதான். கீழே நிற்கும் அந்தப் பெரிய பைக்கை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் மாடி ஏறுவார்கள். "இல்லைங்க, நாற்காலியில" என்பேன். ஆபீஸில் மத்தியானச் சாப்பாடு முடித்து மேஜையில் தலை சாய்த்தவர், எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான். கேட்டவர்களில் சிலருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும்.

நான் அழவில்லை. அதற்கும் ஒரு பேச்சு. "கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு" என்று அவருடைய அத்தை ஒருவர் என் காதுபடவே சொன்னார். கல்லாவது வெயிலில் சூடாகும். எனக்கு அதுவும் இல்லை. தட்டு வைத்தால் சாப்பிட்டேன், பாய் போட்டால் படுத்தேன். காரியம் முடிந்ததும் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கள்ளிக்குப்பத்தில் அந்த இரண்டாவது மாடி வீட்டில் மிஞ்சியது நானும், கீழே அந்த வண்டியும்தான்.

அது ஒரு பழைய ஸ்போர்ட் டூரிங் பைக். வேகமாகவும் போகலாம், நாள் முழுக்க உட்கார்ந்து தூரமாகவும் போகலாம் என்று சொல்லி விற்ற ரகம். அவர் வாங்கும்போதே வேறு யாரோ ஆசை தீர ஓட்டிக் களைத்தது. முன்பக்கம் முழுக்க பிளாஸ்டிக் போர்த்தியிருக்கும், காற்றைத் தடுக்க மேலே ஒரு வளைந்த தகடு, பின்னால் இரண்டு பக்கமும் துணிமணி வைக்கப் பெட்டி. அந்த பிளாஸ்டிக் உடைந்தால் புதிது கிடைக்காது, உருக்கித்தான் ஒட்ட வேண்டும். எங்கள் வண்டியின் இடுப்பில் அப்படி ஒட்டிய தழும்பு நீளமாக ஓடும். காலையில் அது ஸ்டார்ட் ஆவதற்குள் மாடி வீட்டில் ஒரு தோசை வெந்துவிடும். "இதுக்கு ஒரு மாடு வாங்கியிருந்தா பாலாவது கறக்கும்" என்று நான் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

ஆனாலும் பின்னால் ஏறி உட்கார்ந்துவிடுவேன். ஏலகிரி, சித்தூர், ஒரு முறை குடகு வரைக்கும் போனோம். பூந்தமல்லி தாண்டி ஹைவே பிடித்தால் போதும், எனக்குக் கண் சொக்கும். பிறந்த ராசி அப்படி. கழுத்து லேசாகச் சாயும் நேரம் பார்த்து வண்டி ஏதாவது டீக்கடை ஓரம் நின்றுவிடும்.

"இறங்கு, டீ குடிச்சுட்டுப் போலாம். நீ தூங்குற."

"நான் எங்க தூங்குனேன்?"

"சரி, தூங்கல. டீ குடி."

இந்த மனுஷனுக்கு முதுகில் கண்ணா என்று நினைப்பேன். அதோடு மறந்துவிடுவேன்.

அந்த வண்டியின் இடது பக்கக் கண்ணாடி எப்போதும் கோணலாக இருக்கும். உள்பக்கமாகத் திருப்பி வைத்திருப்பார். பின்னால் இருந்து பார்த்தால் அதில் அவர் ஹெல்மெட்டின் கறுப்பு முகப்பு மட்டும் தெரியும். வெயில் ஆகாது என்று கறுப்புத்தான் போடுவார். உள்ளே கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யாருக்குத் தெரியும்? சர்வீஸுக்கு விட்டால் அம்பத்தூர் மெக்கானிக் அதை நேராக்கித் தருவார். வீடு வந்து சேர்வதற்குள் இவர் மறுபடியும் திருப்பிவிடுவார்.

"ஏங்க, அதுல ரோடு தெரியுதா உங்களுக்கு?"

"எனக்குத் தெரிய வேண்டியது தெரியுது."

கொழுப்பைப் பாரேன் என்று விட்டுவிட்டேன்.

அவர் போன பிறகு அந்த வண்டியை நான் ஓட்ட ஆரம்பித்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. சும்மா நின்றால் பேட்டரி செத்துவிடும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார், அந்த வார்த்தை காதில் கிடந்தது. கியர் வண்டி எனக்குப் புதிது இல்லை. என் அப்பா ஆவடி ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸ் தெருக்களில் நானும் என் தம்பியும் அவருடைய வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றியவர்கள்தான். ஆனால் இது கனம். நானோ குள்ளம். சிக்னலில் ஒற்றைக் கால் நுனிவிரலில் நிற்பேன். ஹேண்டில் தாழ்வாக இருப்பதால் முன்னால் குனிந்தே ஓட்ட வேண்டும், வேலப்பன்சாவடியில் நான் வேலை பார்க்கும் கல்லூரிக்குப் போய்ச் சேரும்போது இரண்டு கையும் மரத்திருக்கும். விரலைக் கிள்ளிப் பார்ப்பேன், வலிக்காது. மற்றதெல்லாம் அப்படி இருக்கும்போது விரல் மட்டும் என்ன வலித்துவிடப் போகிறது என்று ஆபீஸ் பூட்டைத் திறப்பேன்.

என் உயரத்துக்கு அந்த இடது கண்ணாடியில் வானமும் கரண்ட் கம்பியும்தான் தெரிந்தன. கையை நீட்டித் திருப்ப எத்தனை நேரம் ஆகும்? நான் திருப்பவில்லை. அவர் நினைவாக அப்படியே வைத்திருந்தேன் என்று யாராவது நினைத்தால், அதெல்லாம் இல்லை. பின்னால் லாரி வந்தால் வரட்டும் என்றிருந்தது. இடித்தால் இடிக்கட்டும். உண்மை அதுதான்.

ஒரு நாள் வானகரம் ரோட்டில் நான் பாட்டுக்கு இடது பக்கம் ஒதுங்கப் போக, ஒரு தண்ணி லாரி வண்டியின் இடது பக்கப் பெட்டியை உரசிக்கொண்டு போனது. வண்டி ஆடி எப்படியோ நின்றது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"யக்கா! கண்ணாடி இன்னாத்துக்குக் கீது? லாரிக்காரன் ஆரன் அடிச்சிகினே வர்றான், நீ பாட்டுக்குப் பூந்துகினே கீற! ஊட்ல சொல்லிட்டு வந்தியா?"

சொல்லிவிட்டு வர வீட்டில் யார் இருக்கிறார்கள்? நெஞ்சு படபடக்கும் என்று காத்திருந்தேன். படபடக்கவில்லை. அதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

பெட்டியில் விழுந்த கீறலைத் தம்பி பார்த்துவிட்டான். அவனும் இப்போது அப்பா வேலை பார்த்த ஃபாக்டரியில்தான் இருக்கிறான், அதே குவார்ட்டர்ஸ்.

"நீ எதையாவது இழுத்துவெச்சுக்கப் போற. வித்துடலாம்க்கா. எங்க செக்ஷன்ல ஒருத்தன் கேட்டுகினே இருக்கான்."

"வித்துடு" என்றேன்.

"நெசமாவா?"

"அதான் வித்துடுன்னு சொல்றேனே. எழுதிக் கொடுக்கணுமா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். விற்கும் பேப்பரில் நான் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் நானும் ஆவடிக்குப் போக வேண்டியிருந்தது. தம்பி ஓட்ட, நான் பழைய இடத்தில் ஏறிக்கொண்டேன். அவர் போனதற்குப் பிறகு அந்தப் பின்சீட்டில் நான் உட்காருவது அதுதான் முதல் தடவை. அப்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்பத்தூர் தாண்டினோம். தம்பி நல்ல உயரம், என் வீட்டுக்காரர் அளவுக்கு. அவன் ஹெல்மெட் முகப்பு மட்டும் கறுப்பு இல்லை, சாதாரணமானது.

திருமுல்லைவாயல் பக்கம் வந்தபோது கத்தினான்.

"இன்னாக்கா இது! இந்தக் கண்ணாடில ரோடே தெரியல. உன் மூஞ்சிதான் முழுசாத் தெரியுது!"

எட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் தம்பியின் இரண்டு கண்களும் நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது டீதான். ஹைவே ஓரத்து அத்தனை டீயும். நீ தூங்குற, நான் எங்க தூங்குனேன், சரி டீ குடி. பாவி மனுஷா. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

தம்பி வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கண்ணாடியைத் திருப்பக் கையைக் கொண்டுபோனான்.

"கை வைக்காதடா!"

எதிர்க் கடையில் பரோட்டாவுக்கு மாவு வீசிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தியிருக்கிறேன். தம்பி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"ரோடு தெரிய வேணாமாக்கா?"

"அது ரோட்டுக்கு வெச்சது இல்லடா."

அவனுக்குப் புரியவில்லை.

"வண்டியத் திருப்பு. விக்கல."

"அவன் அங்க காத்துகினு இருப்பான்க்கா, நான் இன்னா சொல்றது..."

"எதையாவது சொல்லு. திருப்புடா."

முணுமுணுத்துக்கொண்டே திருப்பினான். அம்பத்தூர்ப் பக்கமாகக் கொஞ்ச தூரம்தான் வந்திருப்போம். ஹெல்மெட்டுக்குள் என் மூச்சுக்காற்று சூடாகி, முகப்பில் ஆவி படிந்தது. மூடியைத் தூக்கிவிட்டேன். அதற்குள் அவன் இடது கண்ணாடியில் பார்த்துவிட்டான்.

"அக்கா, அழுவுறியா?"

"நான் எங்கடா அழுவுறேன்?" என்றேன். "ரோட்டப் பாத்து ஓட்டு."