சோடியத்துக்கு நேர் கீழே

யாழ்ப்பாணத் தீவுக் கிராமமான சரவணையில் எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர். அதில் சோறு வடித்தால் தனியாக உப்புப் போடத் தேவையில்லை. எங்கள் பக்கத்துக் குசினிகளில் பலரும் போடுவதில்லை. அம்மாவுக்குப் பிரஷரும் சிறுநீரகத்தில் பழுதும் இருப்பதாகக் கிளினிக்கில் கண்டுபிடித்தபோது, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். கிணற்றுத் தண்ணீரில் சமைக்கவும் வேண்டாம் என்றார்கள். அன்றிலிருந்து பவுசர் லொறியில் வரும் நல்ல தண்ணீரில்தான் சோறு. அம்மா இரண்டு வாய் வைத்துவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிடுவார்.

இதைக் கேள்விப்பட்டுக் கனடாவில் இருக்கும் தங்கை பார்சலில் ஒரு போத்தல் உப்பு அனுப்பினாள். சோடியமே இல்லாத உப்பாம்.

"பிள்ளை, இதைச் சோத்துக்குப் போடலாமோ? நீதானே உதுகள் படிப்பிக்கிறனீ," என்று அம்மா கேட்டார்.

நான் பத்தாம் தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். லேபலை வாசித்தேன். பொற்றாசியம் குளோரைட்டு. ஆவர்த்தன அட்டவணையில் சோடியம் முதலாம் கூட்டம், அதற்கு நேர் கீழே பொற்றாசியம். இரண்டுக்கும் வெளியோட்டில் ஒரேயொரு வலுவளவு இலத்திரன். ஒரே கூட்டத்து மூலகங்கள் ஒத்த இயல்புகளைக் காட்டும் என்று அந்தக் கிழமைதான் கரும்பலகையில் எழுதியிருந்தேன்.

அங்கேதான் எனக்குக் குழம்பியது. இரண்டும் ஒரே மாதிரி என்றால், அது கூடாது, இது மட்டும் எப்படி நல்லது? ஒரே மாதிரி இல்லை என்றால், நான் எழுதிப்போட்டது என்ன? தண்ணீரில் போட்டால் சோடியத்தை விடப் பொற்றாசியம் மூர்க்கமாகத் தாக்கமடையும் என்று படிப்பித்ததும் நான்தான். ஆனால் அந்த ஒரு இலத்திரனைக் குளோரினுக்குக் கொடுத்துவிட்டால் இரண்டும் வெறும் வெள்ளைத் தூள். யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ரீச்சருக்கு இதுவும் தெரியாதோ என்று நினைப்பார்களே என்ற வீம்பு என்னை விடவில்லை.

"ரெண்டும் ஒரே கூட்டம்தான் அம்மா. பிரஷருக்குச் சோடியம்தான் கூடாது. இதைப் போடலாம்," என்றேன்.

அதன் பிறகு கோப்பை காலியாக வந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மூன்றாம் கிழமை அம்மாவின் கால்கள் சோர்ந்தன. கதிரையிலிருந்து எழும்ப முடியவில்லை. வெயில்தான் என்று நினைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தேன். அதிலும் பொற்றாசியம் நிறைய இருக்கிறது என்பது கூட எனக்கு ஞாபகம் வரவில்லை. பின்னேரம் நெஞ்சு என்னவோ செய்கிறது என்றதும் ஓட்டோவில் ஏற்றினேன். மண்கும்பான், அல்லைப்பிட்டி எல்லாம் தாண்டி யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை அம்மாவின் கையை நான் விடவில்லை.

இரத்தத்தில் பொற்றாசியம் ஏறியிருந்தது. இன்னும் ஏறியிருந்தால் இதயம் நின்றிருக்கும் என்றார் வார்டுக்குப் பொறுப்பான பெண் டொக்டர். மருந்து ஏற்றி அதைக் குறைத்தார்கள். இரண்டாம் நாள் அம்மா கட்டிலில் எழும்பி இருந்தார். அப்போதுதான் டொக்டரிடம் போத்தல் கதையைச் சொன்னேன், என் கூட்டக் கணக்கையும் சேர்த்து.

"ஓம் ரீச்சர், ஒரே கூட்டம்தான்," என்றார் அவர். "ஆனால் உடம்பு ரெண்டையும் வேற வேறயாத்தான் பாவிக்குது. நல்ல கிட்னி எண்டால் மிஞ்சின பொற்றாசியத்தை வெளியில விட்டிடும். அம்மான்ர கிட்னிக்கு அது ஏலாது."

விளங்கியது போலவும் இருந்தது, விளங்காதது போலவும் இருந்தது. அங்கேயும் ஒரு இலத்திரன், இங்கேயும் ஒரு இலத்திரன். எது எதுவென்று இதயத்துக்கு எப்படித் தெரிகிறது? வெட்கத்தில் அதைக் கேட்கவில்லை.

டொக்டர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "அந்த உப்புக் கைக்கேல்லையோ அம்மா?"

"கைச்சதுதான். வேப்பங்காய் மாதிரி, வாயில வைக்க ஏலாது," என்றார் அம்மா. "முதல் நாளே எறிய நினைச்சனான். மகள் பார்த்துச் சொன்னவ எண்டபடியால் ஒரு நேரமும் விடாமல் சாப்பிட்டனான்."