கீழே என்றால் அயர்லாந்து

என்னைப்போல் மலைப்பாதையில் வாடகை வண்டி ஓட்டுபவன் எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டியவை எலுமிச்சம்பழமும் பழைய செய்தித்தாளும். பிள்ளைகளோடு கொடைக்கானல் மலை இறங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் காரணம் சொல்ல வேண்டாம்.

பூம்பாறைச் சின்னராசு பூண்டு விவசாயி. அவர் மனைவி செல்வி நர்ஸ். அயர்லாந்தில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு புறப்பட்டார்கள். மகள் இனியாவுக்கு ஐந்து வயது, கவினுக்கு மூன்று. கவின் வளைவுக்கொரு முறை வாந்தி எடுப்பான். அவனைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

பாஸ்போர்ட் எடுக்கப் போனது

மலையில் இருப்பவர்களுக்குச் சமவெளி முழுவதற்கும் ஒரே பெயர், கீழே. வத்தலக்குண்டும் கீழேதான், மதுரையும் கீழேதான். மதுரை பாஸ்போர்ட் ஆபீஸில் ஓர் அம்மா இனியாவின் கன்னத்தைத் தட்டி, "அயர்லாந்து எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாராம். இனியா சொன்ன பதிலைத் திரும்பும்போது செல்வி வண்டியில் சிரித்துச் சிரித்துச் சொன்னார்: "கீழ. போயிட்டுச் சாயங்காலம் வந்துருவோம்."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஒருவரும் திருத்தவில்லை.

பெட்டி வாங்கப் போனது

அடுத்த முறை, பயணப் பெட்டி விற்கும் கடையில் இனியாவைக் காணோம். செல்வி போட்ட அலறலில் பக்கத்துக் கடைக்காரர்களும் வந்துவிட்டார்கள். நான் தெருமுனை வரை ஓடினேன். சின்னராசு நின்ற இடத்திலேயே வியர்த்துப் போனார். கடைசியில் பெரிய சிவப்புப் பெட்டிக்குள்ளிருந்து தும்மல் கேட்டது. மூடியைத் தூக்கிய கடைக்காரர் சொன்னார்: "அண்ணே, பிள்ளைக்கு அளவு சரியாத்தான் இருக்கு. டிக்கெட் காசு மிச்சம்."

பூண்டு

புறப்பட்ட நாள். பெருமாள் மலை தாண்டியதும் இனியா என் தோளைத் தட்டினாள்.

"மாமா, பூண்டை விறகுக் கொட்டகையில விட்டுக் கதவுக் கொண்டியப் போட்டுட்டேன்."

"கெட்டிக்காரி! மழையில நனையாம கெடக்கும்."

"சோறு வச்சுட்டேன். தண்ணியும் வச்சிருக்கேன்."

சோறு தின்னும் பூண்டா? என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. செல்விக்கு முகம் வெளுத்துவிட்டது. பூண்டு என்பது அவர்கள் வீட்டு வெள்ளை நாய். முந்தின நாளே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

"அங்க கட்டிப் போட்டாங்கம்மா. அழுதுச்சு. வெள்ளனே போயி அவுத்துட்டு வந்துட்டேன்."

பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் போகவில்லை. திரும்பினால் விமானம் போய்விடும். நானே மேலே போய்த் திறப்பதாகச் சொன்னேன். அதற்கு இனியா சொன்னதைக் கேட்டுச் சின்னராசு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்: "நீங்க எதுக்கு மாமா? சாயங்காலம் நாந்தான தெறக்கணும்!"

விமான நிலைய வாசல்

வத்தலக்குண்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி, செல்வி மகளை மடியில் வைத்து உண்மையைச் சொன்னார். அழுவாள் என்று காத்திருந்தோம். அவள் அழவில்லை, மதுரை வரை பின் கண்ணாடி வழியே மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். கவின்கூட வாந்தி எடுக்கவில்லை.

வாசலில் பெட்டிகளை இறக்கியதும் இனியா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்: "மாமா, பூண்டுகிட்ட நான் கீழ இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க. வர மாட்டேன்னு சொல்லிராதீங்க."

சாயங்காலம் பூம்பாறைக்குப் போய்க் கொட்டகைக் கொண்டியை நீக்கி அப்படியே சொன்னேன். பூண்டு என்னைத் தாண்டி ஓடி, வண்டியில் ஏறி, பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டது, கீழே எவ்வளவு தூரம் என்று அதற்கும் யாரும் சொல்லவில்லை பாருங்கள்.