சங்கிலி என்று எழுதிய கவர்

ஆகஸ்ட் மாதத்தை எவர் கண்டுபிடித்தாரோ, அவர் நாசமாய்ப் போக. மற்ற பதினொரு மாதமும் நான் மரியாதையாகச் சம்பாதித்து மரியாதையாகச் செலவு செய்கிறவள். ஆகஸ்டில் மட்டும் என் வீடு சத்திரமாகிவிடும். நான் அந்தச் சத்திரத்துச் சமையல்காரி.

பிரான்சிலிருந்து என் வீட்டுக்காரரின் அக்கா வருவார். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கே போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. அவர்கள் ஊரில் ஆகஸ்ட் முழுக்க விடுமுறை. அதை வக்கான்ஸ் என்பார். அவருக்கு வக்கான்ஸ், எனக்கு வயிற்றெரிச்சல். அவரும் அவர் கணவரும் ஐந்து வாரம் அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டில்தான் இருப்பார்கள். முறைப்படி நான் அவரை அண்ணி என்று கூப்பிட வேண்டும். கூப்பிடுகிறேன்.

சாப்பிட்டுவிட்டுச் சும்மா போனால்கூடப் பொறுத்துக்கொள்வேன். சிக்கனத்தைப் பற்றிப் பாடம் வேறு எடுப்பார். அதுவும் எப்போது? என் வீட்டு வஞ்சிர மீனை வாயில் வைத்துக்கொண்டு.

"உங்களுக்கெல்லாம் காசு கையில நிக்கவே மாட்டேங்குதேம்மா. நாங்க அங்க சம்பளம் வந்த அன்னிக்கே தனித்தனி கவருல போட்டுடுவோம். வாடகைக்கு ஒண்ணு, கரண்டுக்கு ஒண்ணு, வக்கான்ஸுக்கு ஒண்ணு. ஒண்ணுல இருக்கறதுல இன்னொண்ணுக்குக் கை வெக்கக் கூடாது. எல்லாம் பழக்கம்தான்."

அந்த வக்கான்ஸ் கவரை நான் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. மீன் நாங்கள், ஆட்டுக்கறி நாங்கள், சென்னை ஏர்போர்ட்டுக்குக் கார் நாங்கள். அவர் கொண்டுவருவது நாலு சாக்லேட் டப்பாவும் ஒரு சென்ட் பாட்டிலும். கடையில் எதையாவது எடுத்தால், "அட, அஞ்சு ஈரோதானே" என்று சிரிப்பார். அந்த அஞ்சு ஈரோவைத் தம்பிதான் ரூபாயில் கொடுப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜூலையில் அண்ணி தம்பிக்குப் போன் செய்தார். "போன தடவ உங்க வீட்டுல ராத்திரியில புழுக்கம் தாங்கலப்பா. மாமாவுக்கு மேலெல்லாம் வேர்க்குரு. இந்தத் தடவ ஓட்டல்ல ரூம் போட்டுக்குறோம்."

போனஸ் வந்த மாதிரி எனக்குச் சந்தோஷம். என் வீட்டுக்காரருக்கு முகம் செத்துவிட்டது.

"அக்கா ஓட்டல்ல தங்குனா ஊரே என் மூஞ்சியில காறித் துப்பும்டி."

"துப்பட்டும். தொடச்சிக்கலாம்."

கேட்டாரா? ஏசி வாங்கினார். கையில் காசு ஏது? என் கழுத்தில் மூன்று சவரன் சங்கிலி இருந்தது. என் அம்மா முப்பது வருடம் மில்லில் வேலை பார்த்தவள். மில்லை மூடியபோது கிடைத்த பணத்தில் தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளாமல் எனக்குச் செய்து போட்டது அது. கழற்றி வங்கியில் அடகு வைத்தோம். 'வைத்தோம்' என்றுதான் சொல்ல வேண்டும், கையெழுத்துப் போட்டவள் நான். அந்தக் கையை இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஏசி ஆகஸ்டில் மட்டும் ஓடும். மற்ற மாதங்களில் கரண்டு பில்லுக்குப் பயந்து பழைய புடவையைப் போட்டு மூடிவிடுவோம். மே மாத வெயிலில் அதற்குக் கீழேயே படுத்துக்கொண்டு வெந்துகிடப்போம். ஆகஸ்டில் அண்ணி உள்ளே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார், நாங்கள் கூடத்தில் கொசுவத்தியோடு கிடப்போம்.

போன வருடம் வட்டியை மட்டும் கட்டி அடகைப் புதுப்பித்தோம். இந்த வருடம் வங்கியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். புதுப்பிக்க முடியாது, ஆகஸ்ட் முடிவதற்குள் முதலும் வட்டியும் கட்டி மீட்டாக வேண்டும், இல்லாவிட்டால் ஏலம். வீட்டுக்குக் கடிதமும் வந்தது. என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, மடித்து, டிவிக்கு அடியில் வைத்தார்.

அவரை நம்பியா நான் இருந்தேன்? போன வருடம் அண்ணி ஊருக்குப் போன மறுவாரமே தொடங்கிவிட்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அண்ணி சொன்னதைத்தான் செய்தேன். கல்யாணப் பத்திரிகை வந்த கவர் ஒன்றில் 'சங்கிலி' என்று கொட்டை எழுத்தில் எழுதி, பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். தட்டாஞ்சாவடியில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்குகிற கம்பெனியில் எனக்கு வேலை. ஓவர்டைம் காசு வந்தால் நேராகக் கவருக்குப் போகும். வேலை விட்டு வரும்போது பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிற பழக்கத்தை விட்டேன். சும்மா இருக்கும்போதெல்லாம் போனில் நைட்டி ஆர்டர் போடுகிற பழக்கத்தையும் விட்டேன், டீயைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது. ஆகஸ்ட் பிறந்தபோது இரண்டாயிரம்தான் குறை. பிடிக்காதவர் சொன்ன யோசனைதான், ஆனாலும் பலித்தது.

அண்ணி வந்து இறங்கினார். மூன்றாவது வாரம், காஞ்சிபுரம் போய்ப் பட்டு எடுக்க வேண்டும் என்றார். விடிந்ததும் விடியாததுமாக வாடகைக் காரில் அவர்களை ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்காரர் கிளம்பிவிட்டார். முந்தின நாள் வந்திருந்த ஓவர்டைம் பணம் இரண்டாயிரத்தையும் போட்டால் கணக்கு முடிந்தது என்று நான் பீரோவைத் திறந்தேன். கவர் இளைத்திருந்தது. எண்ணினேன். பன்னிரண்டாயிரத்தைக் காணோம்.

போன் செய்தேன். "கவருல இருந்த காசு எங்க?"

"வந்து பேசிக்கலாம். அக்கா பக்கத்துல இருக்குது."

"இருக்கட்டும். காசு எங்க?"

"காருக்குத்தான் எடுத்தேன். அப்பறம் அக்காவுக்கு ஒரு பொடவ எடுத்துக் குடுக்கலன்னா நல்லாவா இருக்கும்? அடுத்த மாசம் வெச்சிடுறேன்."

"அடுத்த மாசம் சங்கிலியே இருக்காது!"

வைத்துவிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பஞ்சுத் தூசியை இழுத்து இழுத்து இருமியே போய்ச்சேர்ந்தவள் என் அம்மா. அவள் போட்ட சங்கிலி ஏலத்துக்குப் போகும், இவர் அக்காவுக்குப் பட்டு எடுப்பார். தரையில் உட்கார்ந்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் எதிர்ச் சுவரில் ஏசி. அண்ணி அணைக்காமல் போயிருந்தார். ஆளில்லாத அறையில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் கம்பெனிக்குப் பக்கத்துப் பட்டறையில் பழைய ஏசி வாங்கி விற்கிற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவரைக் கூப்பிட்டேன். ஒன்பது மணிக்கெல்லாம் ஏணியோடு வந்தார்.

"புதுசாட்டம் இருக்குதேக்கா. எதுக்கு விக்கிறீங்க?"

"குளுருது. எடுத்துட்டுப் போங்க."

பத்தாயிரம் என்றார். பன்னிரண்டுக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம் என்றேன். கொடுத்தார். மூன்று மணிக்குச் சங்கிலி என் கழுத்தில் இருந்தது. வருகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தேன், சர்க்கரை தூக்கலாக.

ஆறு மணிக்கு அவர்கள் வந்தார்கள். ஜவுளிப் பைகளோடு அறைக்குள் போன அண்ணி அதே வேகத்தில் வெளியே வந்தார்.

"ஏம்மா, ஏசி எங்க?"

"வித்துட்டேன் அண்ணி."

என் வீட்டுக்காரர் ஓடிப்போய்ப் பார்த்தார். சுவரில் பெயின்ட் மங்காத ஒரு நீளக் கட்டமும், குழாய் போயிருந்த ஓட்டையும்தான் இருந்தன.

"உனக்கென்னாடி, பைத்தியமா புடிச்சிருக்கு?"

"நீங்க கவருலேந்து எடுத்தீங்க. நா சுவத்துலேந்து எடுத்தேன்."

அண்ணியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். எந்தச் சங்கிலியை வைத்து அந்த ஏசி வந்தது, அவர் போய்வந்த காரும் கையிலிருக்கும் புடவையும் எந்தக் கவரிலிருந்து வந்தன, எல்லாம். அண்ணி தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தார். அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு ஒண்ணுமே தெரியாதேம்மா. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே. நா என்ன அன்னியமா?"

இத்தனை ஆகஸ்டில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. உள்ளே போய்க் காலிக் கவரை எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினேன்.

"இப்பக் கேக்குறேன் அண்ணி. குடுங்க."

அவர் கை தோள்பைக்குப் போனது. எடுக்கத்தான் போகிறார் என்று நான் நம்பிவிட்டேன். பாதி திறந்திருந்த ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, கணவரிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். கணவர் போனை எடுத்து, ஏசி அறை இருக்கிற ஓட்டலாகப் பார்க்க ஆரம்பித்தார்.