நாலு விரல் இடம்

அந்தத் தாளில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. கோடு போட்ட முழுநீளத் தாள். இருபதுக்கு மேல் கையெழுத்துகள், நடுவே ஏழெட்டுப் பெருவிரல் ரேகைகள். கீழிருந்து மூன்றாவது வரியில், ஏலக்கார அக்காவின் கோணல்மாணலான கையெழுத்துக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு அந்தச் செதில். ஈரத்தோடு வந்து, அலுவலக மின்விசிறிக் காற்றில் காய்ந்து, தாளோடு பிடித்துக்கொண்டது. நான் அதைச் சுரண்டி எடுத்திருக்கலாம். கோப்பில் சின்ன மைக்கறை இருந்தாலே மாற்றி எழுதுகிற ஆள் நான். அதை மட்டும் ஏன் விட்டுவைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அப்போது நான் காரைக்காலில், மரங்களையும் கடற்கரைத் தோப்புகளையும் கவனிக்கிற ஓர் அலுவலகத்தில் தற்காலிக எழுத்தராக இருந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. இத்தனை வருடம் கழித்தும் அதற்கு எனக்கு நாக்கு எழவில்லை. குரும்பகரத்தில் நெல்லையும் மழையையும் நம்பியிருந்த எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்று முதலில் கொண்டுவந்தவள் நான்தான். வருடா வருடம் அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் அந்த வேலை நீளும். அவர் தன் அறையில் செருமினாலே நான் இங்கே நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சொல்லிக்கொடுத்த விஷயம் ஒன்று உண்டு. வெளியே கூட்டத்துக்குப் போனால் வந்தவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்கும்போது தாளின் மேலே நாலு விரல் இடம் விட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். அந்த இடத்தில் தேதி, கூட்டத்தின் பெயர் எல்லாம் பிறகு எழுதிக்கொள்ளலாம். எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

கோட்டுச்சேரிமேட்டைத் தாண்டி ஒரு மீனவக் குப்பம். அதற்கும் கடலுக்கும் நடுவே ஒரு சவுக்குத் தோப்பு. சுனாமிப் பேரலை வந்து போன பிறகு நட்டது. குப்பத்துப் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வளர்த்த மரங்கள் அவை. ஏலக்கார அக்காவின் வீட்டிலிருந்து அந்த அலை இரண்டு பேரைக் கொண்டுபோயிருந்தது. தோப்புக்குப் பின்னால் முதல் வீடு அவருடையது. காலையில் படகுகள் கரைக்கு வந்ததும் கூடைகளை வரிசையாக வைத்து மீனை ஏலம் விடுவது அவர் தொழில். இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு அவர் கூப்பிடுகிற குரல் தார்ச்சாலை வரைக்கும் கேட்கும். ஒரு தரம், ரெண்டு தரம் என்று சொல்லிவிட்டு எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். யாருக்காவது மறுப்பு இருந்தால் அந்த இடைவெளியில் சொல்லிவிட வேண்டும். மூணாம் தரம் சொன்னால்தான் கூடை நகரும்.

அந்தக் கரைக்குத்தான் எங்கள் அதிகாரி ஒருநாள் கூட்டம் நடத்தப் போனார். சரியாக ஏலம் நடக்கிற நேரம். யாருக்கும் நின்று கேட்கப் பொழுதில்லை. அதிகாரி மரங்களைப் பாதுகாப்பது பற்றி நான்கு வார்த்தை பேசினார், தேநீர் கொடுத்தார்கள், நான் தாளோடு கூடை கூடையாகப் போய், “வந்ததுக்கு ஒரு கையெழுத்துங்க, அவ்ளோதான்” என்று வாங்கினேன். மடவை மீன் கூடையில் கைவிட்டுக்கொண்டிருந்த அக்கா, புடவையில் கையைத் துடைத்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பெயரைப் போட்டார்.

மறுநாள் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். தாளின் மேலே காலியாக இருந்த இடத்தைக் காட்டி, தான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். சுற்றுலாச் சாலைக்காகத் தோப்பை வெட்டிக்கொள்ளக் குப்பத்து மக்கள் மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறார்கள் என்று வாசகம். நான் பேனா மூடியைத் திறக்காமல் நின்றேன். “என்னம்மா, எழுத்து மறந்துடுச்சா?” என்றார். எழுதினேன். வாசகம் நீளமாகிவிட்டதால் இடம் போதவில்லை. போகப் போக எழுத்தைச் சுருக்கி, கடைசி வரியைக் கடுகு கடுகாக முதல் கையெழுத்தின் தலையில் முட்டுகிற மாதிரி முடித்தேன்.

மரங்களுக்கு எண் போட ஆட்கள் வந்த பிறகுதான் குப்பத்துக்கு விஷயம் தெரிந்தது. அக்கா யாரையோ பிடித்து, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிப் போட்டு, அந்தத் தாளின் நகலை வாங்கிவிட்டார். நகல் எடுத்தவளும் நானேதான். செதில் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு பொட்டு விழுந்திருந்தது. அதை உறையில் போட்டு ஒட்டும்போதே இனி என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

குப்பத்தார் கூடிக் கேட்டதால், மரத்தில் கத்தி படுவதற்கு முன் ஏலக்கூடத்திலேயே கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். அதிகாரிக்குப் பக்கத்தில் கோப்போடு நான். அக்கா எழுந்து, “எங்க ஏலத்துல மூணு தரம் சொல்லாம கூடய நகத்த மாட்டோம் சார். நாங்க ஒத்துக்கிட்டதா எழுதியிருக்கீங்கள்ல, அத நீங்களும் மூணு தரம் படிங்க” என்றார். அதிகாரி சிரித்துக்கொண்டே படித்தார். முதல் தரம் படித்து முடித்ததும் பின்னால் நின்றவர்கள் நெருக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். தங்கள் பெயரில் என்ன இருக்கிறது என்று அவர்கள் காதால் கேட்டது அப்போதுதான். இரண்டாம் தரம் படிக்கும்போது அதிகாரியின் குரலில் சிரிப்பு இல்லை. அக்கா வழக்கம்போல எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கடைசியாக என் முகத்தைப் பார்த்தார். நான் கோப்பின் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மூணாம் தரம் வேணாம் சார். இந்தக் கூடை நகராது” என்று சொல்லி அக்கா வெளியே நடந்தார். மொத்தக் கூட்டமும் பின்னாலேயே போய்விட்டது.

ஜீப்புக்குப் பக்கத்தில் நான் தனியாக நின்றபோது அக்கா வந்தார். நகலை என் முன்னால் விரித்து அந்தப் பொட்டைத் தொட்டுக் காட்டினார். “என் கையிலேர்ந்து வந்த செதிலு. நான் கையெழுத்துப் போட்டப்ப மேல வெறும் கோடுதான் இருந்துச்சு. எழுத்து போகப் போகச் சின்னதாயிருக்கு பாரு தங்கச்சி, எடம் பத்தல ஒனக்கு.” நான் அழுதுவிட்டேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. “நான் ஒன் பேரச் சொல்ல மாட்டேன். நீயாதான் சொல்லணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் இத்தனை வருடம் நான் பயந்திருக்க மாட்டேன்.

வெட்டு வேலை நின்றது. கோப்பிலிருந்து அந்த மூலத்தாளை எடுத்துக் கிழித்துப் போடச் சொன்னார் அதிகாரி. கிழித்துவிட்டேன் என்று சொன்னேன். கிழிக்கவில்லை. மதிய உணவுப் பைக்குள் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய், பீரோவில் முகூர்த்தப் புடவையின் மடிப்புக்குள் வைத்தேன். அரசாங்கத் தாளைத் திருடியவள் என்ற பயம் ஒரு பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள் என்று கேட்டால் வருகிற பயம் இன்னொரு பக்கம். தோப்பு இருக்கிறதா என்று யாரையாவது சாக்குவைத்து விசாரிப்பேன். இருக்கிறது என்பார்கள். இரண்டு நாள் நிம்மதி, பிறகு பழையபடி. என் வேலை நிரந்தரமானது, வேறு பிரிவுக்கு மாறினேன். இரண்டு வருடத்துக்கு முன் அக்கா காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோது, அப்படி என் முகத்தைப் பார்க்க இனி யாரும் இல்லை என்று ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஏலக்கூடத்தில் மறுபடி கூட்டம் என்று போன மாதம் ஓர் அறிவிப்பு வந்தது. அதே தோப்பு, அதே சாலை. “மக்களின் ஒப்புதல் முன்பே பெறப்பட்டுள்ளது” என்று ஒரு வரி. வேறொரு கோப்பில் தங்கிப்போயிருந்த என் கடுகு எழுத்தின் நகலைப் பின்னால் இணைத்திருந்தார்கள். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, புடவை மடிப்பிலிருந்த தாளோடு கூட்டத்துக்குப் போனேன். பேருந்தில், இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தேன்.

புது அதிகாரி, இளைஞர். ஒப்புதலை ஒருமுறை படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தார். “இருங்க சார்” என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை. “அத எழுதுனது நான்தாங்க. கையெழுத்து வாங்குறப்ப மேல ஒண்ணுமே எழுதல. வந்ததுக்கு அடையாளம்னு சொல்லித்தான் வாங்கினேன்.”

தாளை நீட்டினேன். அவர் அதை வாங்கி நகலுக்குப் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தார்.

“இத்தன வருஷமா ஏம்மா சொல்லல?”

“பயமா இருந்துச்சுங்க சார்.”

“இப்ப பயமில்லயா?”

“இருக்குங்க சார்.”

அந்த ஒப்புதலை ஏற்க முடியாது, புதிதாகக் கேட்கும்வரை மரத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்று அவர் அங்கேயே குறிப்பு எழுதிப் படித்தார். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், “மூணு தரம் படிங்க சார்” என்றது. படித்தார். மூன்றாம் தரம் முடியும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை.

அரசு ஆவணத்தை வீட்டில் வைத்திருந்ததற்கு விளக்கம் கேட்டு நேற்று எனக்குக் குறிப்பாணை வந்திருக்கிறது. வேலை போகலாம், போகாமலும் இருக்கலாம். மூலத்தாள் இப்போது அவர்களிடம். ஆனால் கூட்டம் முடிந்த அன்று வீட்டுக்கு வந்து கைகழுவப் போனபோது, தாளிலிருந்து பெயர்ந்து என் பெருவிரலில் அந்தச் செதில் ஒட்டியிருந்தது. இப்போது மேசையில் என் எதிரே கிடக்கிறது, கண்ணாடிச் சில்லு போல. பதில் எழுத ஒரு கோடு போட்ட தாளை எடுத்தேன். பழக்கத்தில் கை நாலு விரல் கீழே இறங்கியது. பேனாவைத் தூக்கி, தாளின் மேல் விளிம்பிலிருந்து, இடமே விடாமல் எழுதத் தொடங்கினேன்.