அவள் பறக்கிறாள், நான் மணி எழுதுகிறேன்

என் ஓர்ப்படியின் மேல் எனக்குப் பொறாமை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

எங்கள் மகளிர் குழுவுக்குப் பயிருக்கு மருந்து அடிக்கிற ட்ரோன் ஒன்று வந்தபோது, அதை ஓட்டக் கற்றுக்கொள்ள ஒருவரை அனுப்பச் சொன்னார்கள். பத்தாவது தேறியிருக்க வேண்டும். குழுவில் அப்படி இருந்தது நானும், என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த அவளும்தான். மார்க் எனக்குத்தான் கூட. ஆனால் கூட்டத்தில் ஒரு அம்மா, "சின்னவளுக்குத்தான் ஸ்கூட்டி ஓட்ட வருமே, அவளுக்கே இதும் வரும்" என்றார். பறக்கிற எந்திரத்துக்கும் ஸ்கூட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் பயிற்சிக்குப் போய் லைசென்ஸோடு வந்தாள். எனக்குக் கிடைத்தது உதவியாளர் வேலை. மருந்து கலக்க வேண்டும், பேட்டரி மாற்ற வேண்டும், மணி எழுத வேண்டும்.

மணி எழுதுவது என்றால் ட்ரோன் தரையை விட்டுக் கிளம்பியதிலிருந்து மறுபடி தரையைத் தொடும் வரை எவ்வளவு நேரம் என்று குறிப்பது. நாள் முழுக்கச் சோளக் கொல்லையில் கிடந்தாலும் தரையில் கிடந்த நேரம் சேராது. பெரிய விமானத்துக்கும் இதே வழக்கம்தான் என்று பயிற்சியிலிருந்து வந்த அன்று அவள் சொன்னாள். விமானத்தின் வயதை வாங்கிய வருஷத்தை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டார்களாம், பறந்த மணியையும் பார்ப்பார்களாம். என்ஜினுக்குத் தனிக்கணக்கு, சக்கரத்துக்கு எத்தனை முறை இறங்கியது என்று வேறு கணக்கு. எங்கள் ட்ரோனிலும் அப்படித்தான். பேட்டரிக்கு எத்தனை முறை சார்ஜ் ஏறியது என்ற கணக்கு, மோட்டார்களுக்குப் பறந்த மணி. மொத்த மணியை ரிமோட்டே காட்டும். ஆனால் ஒரு தடவை புளியங்கிளையில் உரசி ஒரு மோட்டாரை மட்டும் மாற்றினோம். மற்றவற்றைவிட அது இளையது என்பது ரிமோட்டுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

இந்த வேலை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பிடிக்காதது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு தடவையும் 'ஓட்டியவர்' என்ற கட்டத்தில் அவள் பெயரை என் கையால் எழுத வேண்டும். எந்திரத்துக்கு ஏறுகிற மணி அவளுக்கும் ஏறும். உதவியாளருக்குக் கட்டமே கிடையாது. பெரம்பலூர்ப் பக்கம் எந்தக் கொல்லைக்குப் போனாலும் அவளை "பைலட்டம்மா, இந்தப் பக்கம் வாங்க" என்பார்கள். என்னிடம் "ஏம்மா, தண்ணி இன்னும் வேணுமா?" என்பார்கள். அவள் கழுத்தில் ரிமோட்டை மாட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்கும்போது எனக்கு வயிறு எரியும். அதே நேரம் கண்ணை எடுக்கவும் முடியாது. அவ்வளவு அழகாக ஓட்டுவாள், பாவி.

போன மக்காச்சோளப் பட்டத்தில் படைப்புழு விழுந்தது. குருத்துக்குள் புகுந்து தின்கிற புழு, நாலு நாள் விட்டால் கொல்லை சல்லடையாகிவிடும். ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். வெயில் ஏறுவதற்குள் அடித்துவிட்டு லோடு ஆட்டோவில் அடுத்த ஊருக்கு ஓடினோம். இத்தனை மணி பறந்ததும் மாற்றிவிட வேண்டும் என்று கம்பெனி மோட்டார்களுக்குக் குறித்துக் கொடுத்த கணக்கு நெருங்கிக்கொண்டே வந்தது. என் அண்ணன் கொல்லையை அடித்து முடித்தோம். கூட்டிப் பார்த்தேன். மணி முடிந்திருந்தது. அடுத்த கொல்லை, கல்லங்குறிச்சி போகிற வழியில், அவளுடைய அப்பாவுடையது.

"மோட்டார மாத்தாம இனிமே தூக்கக் கூடாது" என்றேன்.

ஆட்டோ ஓட்டி வந்த கொழுந்தன் என்னையே பார்த்தார். "உங்க அண்ணன் கொல்லைக்கு இருந்த மணி எங்க மாமனார் கொல்லைக்கு வந்ததும் தீந்துபோச்சாக்கும், அண்ணி?"

கூட வந்திருந்த என் வீட்டுக்காரரும் அவர் பக்கம்தான். "ஒரு கொல்லதான? அடிச்சுட்டு வந்து எழுதிக்க."

ரிமோட்டில் மஞ்சளாக ஒரு எச்சரிக்கை மட்டும் வந்து நின்றது. அது தடுக்காது. தடுக்க இருந்தது நான்தான். அவர்கள் பேசியதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கணக்கைக் கூட்டி முடித்த நொடியில் உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்ததும் உண்மை. மணி சரிதான், தப்பில்லை. அப்பாடா, அவள் பறப்பது நின்றது என்ற சந்தோஷமும் எனக்கு இருந்தது.

அவள் ரிமோட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். "அக்கா எழுதுனா எழுதுனதுதான். நிறுத்திக்கலாம்" என்றாள். ஒரு சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

திருச்சியிலிருந்து மெக்கானிக் வர மூன்று நாள் ஆனது. அதற்குள் அவள் அப்பா முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு பாதிக் கொல்லையைத் தானே அடித்திருந்தார். மீதியில் புழு புகுந்துவிட்டது.

மெக்கானிக் வந்து அந்தக் கொல்லை ஓரத்திலேயே தார்பாய் விரித்து மோட்டார்களைக் கழற்றினார். இளைய மோட்டாரை மட்டும் விட்டுவிட்டார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

"பேரிங் தேஞ்சிருக்கா சார்?"

பழைய மோட்டாரை விரலால் சுற்றிவிட்டார். சத்தமில்லாமல் சுற்றியது. "நல்லாத்தாம்மா இருக்கு."

"அடுத்ததப் பாருங்க சார்."

அதுவும் வழுக்கிக்கொண்டு சுற்றியது. ஒன்றாவது கரகரவென்று இரையாதா என்று பெருமாளை வேண்டிக்கொண்டேன். மெக்கானிக் சிரித்தார். "இன்னும் ஓடியிருக்கலாம், பாதியில விழுந்தும் இருக்கலாம். மணி வந்தா மாத்திரணும், அவ்ளோதான்." அது எனக்குப் போதவில்லை. கொழுந்தன் சுற்றுகிற மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அப்பா தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

புது மோட்டார்களை மாட்டியதும் ஒரு தடவை ஆளுயரத்துக்குத் தூக்கிப் பார்க்க வேண்டும். அவள் ரிமோட்டை எடுத்தாள். கழுத்தில் மாட்டிக்கொள்ளாமல் என்னிடம் நீட்டினாள்.

"சார், அக்கா ஒருக்கா தூக்கட்டுமா?"

மெக்கானிக் இரண்டு பக்கமும் பார்த்தார். "லைசென்ஸ் கேப்பாங்க. சரி, ஒரு நிமிஷம்தான, தூக்குங்க. யாரு பாக்கப் போறா?"

கை தானாக நீண்டு வாங்கிவிட்டது. ரிமோட் நான் நினைத்ததைவிடக் கனமாக, வெயிலில் சூடாக இருந்தது. ஒரு நிமிஷம்தான். ஒரு கொல்லைதான் என்று கேட்டவர்களும் எதிரில்தான் நின்றார்கள், அவள் அப்பாவும் நின்றார். இப்போது நான் தூக்கினால், எனக்கு வளைத்துக்கொள்ளத் தெரிந்த கணக்கு அவருக்கு மட்டும் வளையவில்லை என்று ஆகிவிடும்.

"அந்த ஒரு நிமிஷத்த யாரு பேருல எழுதுறது?" என்று கேட்டேன்.

ரிமோட்டை அவள் கழுத்தில் நானே மாட்டிவிட்டேன். விசிறிகள் சுழன்றன, தூசி என் முகத்தில் அடித்தது. மணியைப் பார்த்து, 'ஓட்டியவர்' என்ற கட்டத்தில் அவள் பெயரை எழுதினேன்.